ஐரிஸ் போன அத்தியாயம்

என் அக்கா நர்சீசா இத்தாலிக்குப் போவாளா, மாட்டாளா? அந்த மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டில் எல்லோருடைய மனத்திலும் இருந்து யாருடைய வாயிலும் வராத கேள்வி அதுதான். அவளுடைய காதலன் வெலிங்டன் ஜெனோவாவில் ஒரு கப்பல் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் கணினித் திரையில் வந்து "வந்துடு" என்பான். "பாக்கலாம்" என்பாள் அவள். நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டே அந்தப் 'பாக்கலாம்' முந்தின வாரத்தைவிட மெலிந்திருக்கிறதா, பருத்திருக்கிறதா என்று காதால் எடை போடுவேன்.

எனக்கு அது சும்மா கவலை இல்லை. அப்பா எங்கள் ஊரான குவாயகில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது நிர்வாகம் கொடுத்த பணத்தில், வீட்டின் முன்னறையில் நான்கு கணினிகளும் ஒரு நகல் இயந்திரமும் வைத்து சைபர் என்கிற இணையக் கடை ஒன்று திறந்தோம். நர்சீசா பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு அதில் உட்கார்ந்தாள். கடையையும் பார்த்தாள், அப்பாவையும் பார்த்தாள். அதனால்தான் நான் பகலில் மருந்துக்கடைக்கும் மாலையில் ஆங்கில வகுப்புக்கும் போக முடிந்தது. சான்றிதழ் வாங்கினால் இறால் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் அலுவலக வேலை கிடைக்கும். அவள் போனால் அவள் நாற்காலியில் நான் உட்கார வேண்டும். அவ்வளவுதான் கணக்கு. இதை இப்படிப் பச்சையாக எழுதும்போது நான் சுயநலக்காரி மாதிரித் தெரிகிறேன். இருக்கலாம். வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன், அது பொய்யாக வந்தது.

வெள்ளிக்கிழமைகள் மட்டும் வேறு மாதிரி இருக்கும். அன்று எங்கள் வீட்டில் நாவல் இரவு.

நர்சீசா 'நிலா மாடி' என்ற இணையக் குழுவில் இருந்தாள். லீமா, ரொசாரியோ, புவேப்லா என்று பல ஊர்ப் பெண்கள், ஒருவரையொருவர் பார்த்திராதவர்கள், ஆங்கில மாய நாவல்களை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துக்கொண்டு எங்கள் மொழியில் மொழிபெயர்ப்பார்கள். சம்பளம் கிடையாது. விதி ஒன்று உண்டு: நூலில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது, இருப்பதை விடக் கூடாது. மற்றவர்கள் மொழிபெயர்த்ததையும் தன்னுடையதையும் அவள் அச்செடுத்து வைப்பாள். வெள்ளிக்கிழமை கடையைச் சாத்தியதும் நான் உரக்கப் படிப்பேன். அப்பா ஊஞ்சல் வலையில் கிடப்பார். அக்கா இஸ்திரி போடுவாள். மழைக்கு வந்த வெட்டுக்கிளிகள் விளக்கைச் சுற்றி மோதிக் காகிதத்தின் மேல் விழும். அவற்றை ஊதித் தள்ளிவிட்டுப் படிப்பேன்.

அந்த வருடம் எங்களைப் பிடித்து வைத்திருந்தது தோர்ன் குடும்பத்தின் கதை. எப்போதும் தூறிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு கடலோர ஊரில் அவர்கள் சலவைக் கடை வைத்திருந்தார்கள். கடையின் பின்னறையில், நீராவிக்கு அப்பால், இறந்தவர்களின் நாட்டுக்கு ஒரு கதவு. அந்தக் குடும்பத்தில் ஒருவராவது எப்போதும் கதவருகே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது தானாகத் திறந்துகொள்ளும். மூத்தவள் ஐரிஸ், இளையவள் மேவ். ஐரிஸ் காதலித்தது கதவுக்கு அந்தப் பக்கத்துக்காரனான காயெலை. அவன் தொட்ட இடத்தில் பனி பூக்கும்.

"ஒரு முத்தத்துக்கு மூணு புத்தகம் காக்க வைக்கிறாங்களே, இது நியாயமா?" என்றேன் ஒருநாள்.

"உனக்கு என்னடி அவசரம்? ஐரிசே பொறுமையா இருக்கா" என்றாள் நர்சீசா.

"நீ மட்டும் வெலிங்டனை மூணு புத்தகம் காக்க வெச்சியா?"

"வாயை மூடு. அப்பா இருக்கார்."

"அப்பாவுக்குக் காது விழலடி, கைதான் விழுந்துச்சு" என்றார் அப்பா. பாதி வாயில்தான் பேச்சு வரும், எங்களுக்குப் பழகிவிட்டது. "அந்தப் பேய்ப் பயலுக்கு வேலை வெட்டி ஏதாவது இருக்கா?"

"செத்தவனுக்கு எதுக்குப்பா வேலை?"

"பொண்ணு கேட்டு வந்தா விசாரிக்கணும்ல."

மூவரும் சிரித்தோம். அம்மா இறந்த பிறகு நாங்கள் மூவரும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்தது அந்த வெள்ளிக்கிழமைகளில்தான். தோர்ன் வீட்டில் அத்தை கஞ்சி காய்ச்சுவாள், துவைக்கும் இயந்திரத்துக்குள் குடியிருக்கும் தாத்தாவின் ஆவி உப்புப் போதவில்லை என்று கத்தும், எந்தப் பேய் வந்தாலும் அவர்கள் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் சண்டைக்குப் போவார்கள். காதலைவிட அதுதான் எனக்குப் பிடித்தது. நர்சீசாவுக்கு எது பிடித்தது என்று நான் கேட்டதே இல்லை.

நான்காவது புத்தகம்தான் கடைசி. அதன் இறுதி அத்தியாயம் குழுவில் நர்சீசாவுக்கு விழுந்தது. அந்த வெள்ளிக்கிழமை அவள் இஸ்திரியை எடுக்கவில்லை. எனக்கு எதிரே சும்மா உட்கார்ந்து நான் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தியாயம் இதுதான். கதவு கடைசியாக ஒருமுறை திறக்கிறது. காயெல் அந்தப் பக்கம் நிற்கிறான். ஐரிஸ் போனால் திரும்ப முடியாது. போகாவிட்டால் அவனை இனிப் பார்க்க முடியாது. அவள் தங்கையைத் திரும்பிப் பார்க்கிறாள். மேவ் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு சொல்கிறாள்: "இத்தனை வருஷம் நீ நின்ன இடம் எனக்குத் தெரியும். சூடு ஆறுறதுக்குள்ள நான் அங்க வந்து நின்னுக்கிறேன். போ." ஐரிஸ் போகிறாள்.

என்னால் தொடர்ந்து படிக்க முடியவில்லை. மூக்கைச் சிந்தினேன். நான்கு புத்தகத்தில் இதைவிட நல்ல வாக்கியம் இல்லை என்று சொன்னேன்.

"அவ போனது சரியா?" என்று கேட்டாள் நர்சீசா.

"சரிதான். போகலைன்னா அந்த வீட்டுல இருந்துக்கிட்டே செத்திருப்பா."

"மேவ் பாவம் இல்லையா?"

"மேவ் சமாளிப்பா. அவ என்ன சின்னக் குழந்தையா?"

அப்பா ஊஞ்சலில் இருந்தபடி தலையாட்டினார். "போகட்டும். நல்லா இருக்கட்டும்."

நர்சீசா எழுந்து அடுப்படிக்குப் போனாள். வெகுநேரம் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு எங்கள் ஆங்கில ஆசிரியை மிஸ் ஓர்மேன்யோ ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். பிடித்த நூலிலிருந்து ஒரு பக்கத்தை ஆங்கிலத்தில் கொண்டுவந்து வாசிக்க வேண்டும், அதில் என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"அந்தப் பக்கம் எதுக்கு, அழுகைப் பக்கம்?" என்றாள் நர்சீசா. "முத்தப் பக்கத்தை எடுத்துட்டுப் போ. கிளாசே விசிலடிக்கும்."

"எனக்கு மேவ்தான் வேணும்."

"கோப்பு எங்க இருக்குன்னு தேடணும். அப்புறம் தரேன்."

அப்புறம் தரவில்லை. அவள் அப்பாவைக் குளிப்பாட்டும் நேரத்தில் நானே கணினியில் ஆங்கில மூலத்தைத் தேடி எடுத்து அச்சடித்தேன். என் வழக்கப்படி ஒவ்வொரு வரியாகப் போனேன். தெரியாத சொல்லுக்கு அடிக்கோடு, அகராதி, மறுபடி வரி. மேவ் பேசும் இடம் வரவில்லை. வேறு ஏதோ பதிப்பு என்று நினைத்தேன். பிறகு, வழக்கம்போல, என் ஆங்கிலம்தான் கோளாறு என்று முடிவு செய்தேன். ஆனால் அந்தப் பக்கத்தில் நான் அடிக்கோடிட்ட சொற்கள் மிகக் குறைவு. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

வகுப்புக்குச் சீக்கிரமே போய் மிஸ் ஓர்மேன்யோவிடம் நீட்டினேன்.

"இவ எங்க மிஸ் கதவைத் தாண்டுறா?"

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "எங்கயும் தாண்டலையே. கதவைச் சாத்துறா. உள்ள வந்து தங்கச்சிக்கு முட்டை பொரிக்கிறா. 'நான் எங்க போவேன், என் உசிரு இங்கதான இருக்கு'ங்கிறா. முடிஞ்சுது."

"இன்னொரு தடவை பாருங்க மிஸ்."

"யோமைரா, இந்த வருஷத்துல முதல் தடவையா ஒரு பக்கம் உனக்கு முழுசாப் புரிஞ்சிருக்கு. அதை நம்ப மாட்டேன்னு அடம் பிடிக்கிற."

முன் பெஞ்சில் வாஷிங்டன், டாக்சி ஓட்டுபவர், எட்டிப் பார்த்தார். "கதையிலயாவது ஒருத்தி வீட்டோட இருக்கட்டுமே மிஸ். என் வீட்டுல மூணு பேரும் மாட்ரிட்ல இருக்காங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பேருந்தில் நின்றுகொண்டே யோசித்தேன். குழுவில் யாரும் எதையும் மாற்ற முடியாது, திருத்துபவள் பிடித்துவிடுவாள். ஆக, நிலா மாடிக்கு அவள் அனுப்பியது சரியான அத்தியாயம். என்னிடம் கொடுத்தது எனக்காகவே எழுதியது. நான் அழுத வாக்கியத்தை எழுதியது என் அக்கா.

வீட்டுக்குள் நுழைந்தபோது நர்சீசா நகல் இயந்திரத்தின் மூடியைப் பிடித்தபடி நின்றாள். பக்கத்துத் தெரு தோன்யா எர்மெலிந்தா அடையாள அட்டையோடு காத்திருந்தாள். நான் தாளை மேசையில் வைத்தேன். அக்கா முதல் வரியைப் பார்த்தாள், உடனே தெரிந்துகொண்டாள்.

"கிளாஸ் இல்லையா?"

"ஐரிஸ் முட்டை பொரிக்கிறா."

"ஆமா" என்றாள். "எவ்ளோ அசிங்கமான முடிவு பாத்தியா? நாலு புத்தகம் கூட்டிட்டு வந்து கடைசியில முட்டை."

"நான் சரின்னு சொன்னது ஐரிசுக்கு."

"சொன்னது நீதானே?"

"கதைன்னு நெனச்சு சொன்னேன், நர்சீசா!"

"நேராக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

நான் மேசையிலிருந்த தாளை மறுபடி கையில் எடுத்தேன்.

"சொல்லு. 'போகாத'ன்னு சொல்லியிருப்ப. முகத்தைத் தூக்கி வெச்சிருப்ப. சாப்பிட மாட்ட. நான் மறுபடியும் ஒரு வருஷம் 'பாக்கலாம்' சொல்லியிருப்பேன். உனக்குச் சான்றிதழ் வர்ற வரைக்கும்னு ஆரம்பிப்பேன், அப்புறம் உனக்கு வேலை கிடைக்கிற வரைக்கும், அப்புறம் உன் கல்யாணம் வரைக்கும். நான் படிப்பை விட்டப்போ என்கிட்ட யார் கேட்டா? கதையிலகூட யாரும் கேக்கல."

"எனக்கு ரெண்டு பக்கமும் போடணும்மா" என்றாள் தோன்யா எர்மெலிந்தா.

நர்சீசா அட்டையைத் திருப்பி வைத்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். ஒளி அவள் தாடையின் கீழே ஓடி மறைந்தது.

"டிக்கெட் எடுத்துட்டியா?"

"நீ சொன்ன மறுநாள்."

"என்கிட்ட இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்."

"பயமா இருந்துச்சு" என்றாள். "நீ மாத்திச் சொல்லிடுவியோன்னு."

என்ன செய்திருக்க வேண்டும் என்று பலவிதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். கத்தியிருக்கலாம். டிக்கெட்டைக் கிழித்திருக்கலாம், அது திரையில் இருந்தது, கிழிக்கவும் வழியில்லை. கட்டிப்பிடித்து வாழ்த்தியிருக்கலாம், மேவ் அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் அந்த மேவை எழுதியது அவள்தானே. எனக்குக் கொடுக்கப்பட்ட வசனத்தை மறுபடி ஒப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. மருந்துக்கடைக்கு வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தேன். மிஸ் ஓர்மேன்யோவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அவர் 'எப்போது வேண்டுமானாலும் திரும்பி வா' என்று பதில் போட்டார். நல்லவர். அப்படித்தான் எல்லோருக்கும் போடுவார்.

அப்பாவிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டாம், அவருக்கு ரத்த அழுத்தம் ஏறும், தான் விமானம் ஏறிய பிறகு நான் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று நர்சீசா கேட்டுக்கொண்டாள். அதற்கும் சரி என்றேன். போகிற அன்று, கீத்தோவில் ஒரு தோழிக்குக் கல்யாணம் என்று அப்பாவிடம் சொல்லி அவர் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். "பாத்துப் போ, மலை ஊரு, குளிரும்" என்றார் அவர். வாசலில் டாக்சி ஹாரன் அடித்தது. எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்பதை அவள் மூன்றாவது முறையாக என்னிடம் சொன்னாள். பிறகு ஏதோ எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தாள். நான் பெட்டியைத் தூக்கி டாக்சியின் பின்னால் வைத்தேன்.

மறுநாள் மாலை, வகுப்பு தொடங்கும் நேரத்தில், அப்பாவைச் சாய்த்து உட்காரவைத்துச் சூப் கொடுக்கும்போது சொன்னேன். ஜெனோவா, வெலிங்டன், திரும்பி வர நாளாகும் என்று ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். ஒரு வாழைக்காய்த் துண்டு அவர் நாக்கில் அப்படியே இருந்தது. விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார்.

"தெரியும்பா."

"தெரிஞ்சும் விட்டியா?"

நாவலைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்தேன். நீங்களும்தான் தலையாட்டினீர்கள், போகட்டும் என்றீர்கள் என்று சொல்லலாமா? சொன்னால், மகளை அனுப்பி வைத்தது தான்தான் என்று அவர் கிடந்து நொந்துபோவார். அக்கா இதையும் யோசித்திருப்பாளா என்று தெரியவில்லை. யோசித்திருப்பாள்.

"ஆமாப்பா" என்றேன். "நான்தான் விட்டேன்."

அவர் நல்ல கையால் கிண்ணத்தைத் தள்ளினார். சூப் என் மடியில் கொட்டியது. அவ்வளவு சூடில்லை. முன்னறையில் யாரோ, காகிதம் தீர்ந்துவிட்டது, ஆள் இல்லையா என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்து போனேன்.