வரிக்குப் பதினாறு கட்டம்

பம்ப்பின் இரும்புக் கூட்டுக்குள் தண்ணீரை ஏற்றி ஓட்டை பார்க்கும் வேலையில் மாசாணியம்மாளை மிஞ்சக் கோயம்புத்தூர் கணபதி வட்டாரத்திலேயே ஆள் கிடையாது. ஆனால் அந்த வேலைக்குப் பட்டறையில் புது மிஷின் வந்துவிட்டது. அது நின்றால் திரையில் வருவதெல்லாம் அவருக்குப் புரியாத அரைகுறை இங்கிலீஷ். ஒவ்வொரு தடவையும் போத்தனூரிலிருந்து மெக்கானிக் வந்தாக வேண்டும்.

“இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளைப் போட்டுக்கறனுங்க. அக்கா பேக்கிங்குக்குப் போகட்டும்” என்றார் முதலாளி திருமலைசாமி.

மிஷினுக்குப் புரோகிராம் எழுதும் நஸ்ரியாவுக்குச் சுருக்கென்றது. எல்லாவற்றையும் தமிழில் மாற்றித் தருகிறேன் என்று வீம்பாக ஒரு வாரம் கேட்டு வாங்கினாள். திரையில் இருந்தது இரண்டே வரி, வரிக்குப் பதினாறு கட்டம்.

சனிக்கிழமை காலை சோதனை. பாதியில் மிஷின் நின்றது. திரையில் வந்தது இதுதான்:

ஏனுங்க மாசாணிக்கா,
கோவிச்சுக்காம கொஞ்சம்

மீதிக்கு இடமில்லை. மாசாணியம்மாள் கையைக் கட்டிக்கொண்டு, மிஷின் பேசி முடிக்கட்டும் என்று காத்து நின்றார். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நஸ்ரியாவுக்கு மானமே போயிற்று. வயதில் மூத்தவரை ஏவுவது போல எழுத அவளுக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

“மருவாதியெல்லாம் உன்ற வாயிலயே இருக்கட்டும் அம்மணி. தீப்புடிச்சா, கோவிச்சுக்காம கொஞ்சம் வாங்கன்னா கூப்புடுவோம்? என்ன ஆச்சு, என்ன செய்யோணும், அத்தச் சொன்னாப் போதும்” என்றார் மாசாணியம்மாள்.

“மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க சார்” என்றாள் நஸ்ரியா. மாசாணியம்மாளைப் பக்கத்தில் உட்காரவைத்து மிஷின் காட்டும் நாற்பது செய்திகளையும் வெட்டித் தள்ளினாள். மேல் வரியில் ஆனது, கீழ் வரியில் செய்ய வேண்டியது.

மத்தியானம் முதலாளி வேண்டுமென்றே பம்ப்பைப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்திவிட்டார். மிஷின் நின்றது.

கிளாம்ப் லூஸ்
இறுக்கு. பச்சை பட்டன்

மாசாணியம்மாள் இறுக்கினார், அமுக்கினார். மிஷின் ஓடியது. முதலாளி விடவில்லை. தண்ணீர்க் குழாயை மூடினார், காற்றைக் குறைத்தார். அரை நிமிடம்கூட எடுக்காமல் அத்தனையையும் சரிசெய்துபோட்டார் அந்த அம்மாள். நம்ப முடியாமல் முதலாளி மிஷினின் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

கை உள்ளே!
வெளியே எடு

படித்ததும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். பட்டறையே கொல்லென்று சிரித்தது.

“மொதலாளிக்கும் அதே மருவாதிதானுங்க” என்றார் மாசாணியம்மாள்.

திருமலைசாமி கையைத் துடைத்தபடி பக்கத்தில் நின்ற பட்டறை மேஸ்திரியைப் பார்த்தார். “பேக்கிங்குக்கு வேற ஆளப் பாருங்க. இந்த மிஷின் அக்காளுக்குத்தான்.”

நஸ்ரியாவுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. குதித்தேவிட்டாள்.