செயலாளரின் கால்சட்டை

கோய்கோவின் காரில் ஏறிக் கதவைச் சாத்தியதுமே நெவென்காவுக்கு மூக்கு சுருங்கிவிட்டது. நனைந்த கம்பளியின் வாடை, பழைய மீனின் வாடை, எப்போதோ சிந்திய பிளம் சாராயத்தின் புளிப்பு. காலடியில் ரப்பர் விரிப்பில் காய்ந்த செதில்கள் வெட்டிப் போட்ட நகம் மாதிரி ஒட்டிக் கிடந்தன. அவள் பாதங்களைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள்.

"குளிருது, ஏத்திவிடு" என்றான் கோய்கோ.

நாலு மாதப் பழக்கத்தில் அவன் அவளிடம் 'நீ' போட்டு ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

நெவென்காவுக்கு நாற்பத்தாறு வயது. கோர்னி லுக் ஊரின் மருந்துக்கடை அவள் பொறுப்பில் இருந்தது. விவாகரத்து ஆகிப் பல வருஷமாகத் தனியாக இருந்தாள். கடையில் கூட வேலை பார்க்கும் பிலியானாதான் தன் பெரியப்பா மகன் கோய்கோவைப் பற்றி எடுத்துச் சொன்னவள். "பொண்டாட்டி போய்ச் சேர்ந்து அஞ்சு வருஷமாச்சு. குடி கிடையாது, அதாவது அளவா. பென்ஷன் வருது. மீன்பிடிச் சங்கத்துக்குச் செயலாளர். வேற என்னடி வேணும் உனக்கு?"

காபிக்கடையில் பார்க்கும்போது கோய்கோ நன்றாகத்தான் இருந்தான். தேய்த்த சட்டை. அவள் உள்ளே வந்தால் எழுந்து நிற்பான். பேச்செல்லாம் ஸ்துதெனா ஆற்றைப் பற்றித்தான். மண்புழு போட்டு மீன் பிடிக்கிறவனையும் வலை போடுகிறவனையும் திட்டத் தொடங்கினால் முகம் சிவந்துவிடும். "ஆறுங்கிறது கோயில் மாதிரி. அதுல கூடையைத் தூக்கிட்டு வர்றானுங்க, சந்தைக்கு வர்ற மாதிரி. மே மாசம் வரட்டும். உங்களுக்குப் பூச்சித் தூண்டில் கத்துத் தர்றேன். ஒரு தடவை கையில எடுத்தீங்கன்னா அப்புறம் விட மாட்டீங்க."

ஆக, மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாலத்துக்குக் கீழே மணல் திட்டில் இருவரும் இறங்கினார்கள். கோய்கோ மார்பு வரை ஏறும் ரப்பர் கால்சட்டைக்குள் புகுந்து, தோள்பட்டை வாரை இழுத்து மாட்டிக்கொண்டான். உள்ளேயிருந்து புழுங்கிய காற்று ஒன்று புஸ்ஸென்று வெளியே வந்தது. நெவென்கா ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டாள். அவன் மறைந்த மனைவியின் ரப்பர் பூட்ஸை அவளுக்கு எடுத்து வந்திருந்தான். உள்ளே சுருண்டு ஒரு காலுறை கிடந்தது. அவள் அதை இரண்டு விரலால் எடுத்துக் காரின் பின்சீட்டில் போட்டுவிட்டுக் காலை நுழைத்தாள்.

தூண்டில் கழி நாலு துண்டாக இருந்தது. அவன் அவளையே பூட்டச் சொன்னான். வளையங்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வருகின்றனவா என்று ஒரு கண்ணை மூடிப் பார்க்க வேண்டும். பார்த்தாள், சரியாக இருந்தது. ரீலை அடியில் வைத்துத் திருகினாள். பச்சை நிற நூல் வெளியே வந்தது. தூண்டில் நூல் என்றால் மெல்லிசாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இது காலணிக் கயிறு கனத்துக்கு இருந்தது.

"நாம மாட்டற பொய்ப்பூச்சிக்கு எடை கிடையாது. வெறும் இறகும் முடியும். அதைத் தூர எறிய முடியுமா? முடியாது. அதனால நூலைத்தான் எறியறோம். நூலோட கனம் பூச்சியை இழுத்துட்டுப் போகும். புரியுதா? நூலை ரெண்டா மடிச்சு வளையத்துல கோரு. ஒத்தையாக் கோத்தா, கை தவறினதும் சர்ருன்னு கீழ வந்துடும், மறுபடியும் மொதல்லேருந்து அழணும்."

மடித்துக் கோத்தாள். நூலின் நுனியில் இருந்த கண்ணியில் நீளமான நைலான் நரம்பை மாட்டினான். கைப்பக்கம் தடித்து, போகப்போக மெலிந்து வரும் நரம்பு. அதன் முனையில் முடியைவிட மெல்லிய இன்னொரு நரம்பைச் சேர்த்து முடிச்சுப் போட்டான். இதுவரை நெவென்காவுக்கு எல்லாம் பிடித்திருந்தது. மருந்து கலக்குவது போல, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

அப்புறம்தான் அவன் முடிச்சை வாய்க்குள் விட்டான். நாக்கில் புரட்டி எடுத்தான். எச்சில் ஒரு இழையாக நீண்டு அறுந்தது. இழுத்து இறுக்கி, மிஞ்சிய நரம்பைப் பல்லால் கடித்துத் துப்பினான். துப்பியது அவள் பூட்ஸ் மேல் விழுந்தது.

"ஈரப்படுத்தாம இறுக்கினா சூடாகி நரம்பு கெட்டுப்போயிடும்" என்றான்.

"தண்ணி இருக்கே" என்று ஆற்றைக் காட்டினாள் நெவென்கா.

"எச்சிலுக்கு ஈடாகுமா? என்ன, அருவருப்பா? மருந்துக்கடைக்காரிக்கு எல்லாமே சுத்தமா இருக்கணுமோ?" என்று கடகடவென்று சிரித்தான்.

அவளுக்குக் காட்டுவதற்காக முதலில் அவனே தன் கழியோடு தண்ணீரில் இறங்கினான். நன்றாகத்தான் வீசினான், அதில் குறை சொல்ல முடியாது. பச்சை நூல் தலைக்குப் பின்னால் நீண்டு, முன்னால் சுருள் பிரிந்து விழுந்தது. மூன்றாவது வீச்சில் ஒரு டிரவுட் மீன் மாட்டியது. கரைக்கு இழுத்து வந்தவன், சட்டைப் பையிலிருந்து ஒரு ரப்பர் குமிழை எடுத்தான். நுனியில் குழாய் இருந்தது. குழந்தைகளுக்கு மூக்குச் சளி உறிஞ்ச நெவென்கா கடையில் விற்கிற அதே சாமான். குழாயை மீனின் தொண்டைக்குள் இறக்கி, அமுக்கி, விட்டு, வெளியே வந்ததைத் தன் உள்ளங்கையில் கொட்டினான். கரும்பச்சைக் கூழ்.

"மீன் காலையில என்ன சாப்பிட்டுச்சுன்னு பாரு!" என்று அவள் மூக்குக்கு நேரே நீட்டினான்.

அவள் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஆனாலும் பார்த்தாள். கூழுக்கு நடுவே மெல்லிய பூச்சி ஒன்று இன்னும் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. பழுப்பு உடம்பு, சாம்பல் சிறகு. கோய்கோ கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு மீனைத் தண்ணீரில் போட்டான். அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்திப் போனது.

பூச்சிப் பெட்டியை அவள்தான் திறந்தாள். பழுப்பு உடம்பும் சாம்பல் சிறகும் உள்ள ஒன்றைத் தேடி எடுத்தாள். அவன் சொல்லச் சொல்ல முள்ளின் காதில் நரம்பை நுழைத்து, ஐந்து சுற்றுச் சுற்றி, முதல் கண்ணிக்குள் திருப்பி விட்டாள். குனிந்து ஆற்றுத் தண்ணீரில் நனைத்து இறுக்கினாள். நிதானமாக இழுத்துப் பார்த்தாள். நின்றது.

"ம், பரவால்ல. அறுந்துதான் போகும். இருந்தாலும் பரவால்ல" என்றான் கோய்கோ.

வீசுவது அவ்வளவு சுலபமாக வரவில்லை. முதல் வீச்சு புதரில் மாட்டியது. இரண்டாவது அவள் தொப்பியில். கோய்கோ கல்லில் உட்கார்ந்து பையிலிருந்து புரெக் என்னும் பாலாடைக்கட்டி அடையை எடுத்து, எண்ணெய் வழிய வழியத் தின்றுகொண்டே சத்தம் போட்டான். "கையை மடக்காத! மணிக்கட்டை ஆட்டாத! ஈ ஓட்டறியா, மீன் பிடிக்கறியா?"

பாலத்தூண் பக்கம் ஒரு வீச்சு தப்பித் தவறி நன்றாக விழுந்தது. பூச்சி ஒரு நொடி மிதந்தது. அப்புறம் காணவில்லை. கழி வளைந்தது. நெவென்கா என்ன செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. பின்னால் நடந்தாள், ரீலைச் சுற்றினாள், விட்டாள், மறுபடி சுற்றினாள். ஆழமில்லாத இடத்துக்கு வந்தபோது மீன் முதுகுத் துடுப்பை விரித்தது. பாய்மரம் மாதிரி பெரிய துடுப்பு, அதில் ஊதாப் பொட்டுகள். அது டிரவுட் இல்லை, லிப்லியன் என்ற வேறு ஆற்றுமீன். குனிந்தபோது அதனிடமிருந்து இலை கசக்கிய வாசனை வந்தது. அவ்வளவு சுத்தமான ஒன்றை அன்றைக்குக் காலையிலிருந்து அவள் பார்க்கவில்லை.

"என் முடிச்சு!" என்று கத்தினாள். "என் முடிச்சு தாங்கிடுச்சு!"

கோய்கோ புரெக்கைக் கீழே வைத்துவிட்டு வந்தான். எண்ணெய்க் கையோடு மீனை அமுக்கிப் பிடித்து முள்ளைக் கழற்றினான். பாலத்தின் மேல் ஒரு தடவை பார்த்தான்.

"சரி, விட்டுடுங்க. இது முட்டை போடற மாசம், லிப்லியனைத் தொடவே கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் நெவென்கா.

"சொன்னேன். அது மத்தவங்களுக்கு."

"என்னது?"

"இந்த மாசத்து லிப்லியன் ருசி வேறெதுக்கும் வராது நெவென்கா. வெண்ணெயில போட்டா..." சொல்லிக்கொண்டே தோள்பட்டை வாரைத் தளர்த்தி, உயிரோடு இருந்த மீனை ரப்பர் கால்சட்டைக்குள் விட்டான். அது அவன் வயிற்றுக்கும் ரப்பருக்கும் நடுவே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. "ஐயோ, சில்லுன்னு இருக்கு!" என்று குதித்துச் சிரித்தான்.

மேலே பாதையில் காலடிச் சத்தம் கேட்டது. ஆற்றுக்காவலன் ஸ்டான்கோ இறங்கி வந்துகொண்டிருந்தான். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

"வணக்கம் செயலாளரய்யா, வணக்கம் மேடம். ஏதாச்சும் மாட்டுச்சா?"

"ஒரே ஒரு டிரவுட். விட்டாச்சு. மேலாத்துப் பக்கம் ஒருத்தன் மண்புழு டப்பாவோட சுத்தறானாமே, பார்த்தியா? பிடிச்சா விடாத. இப்படிப்பட்டவனுங்களாலதான் ஆறே நாசமாப் போச்சு."

பேசப் பேச மார்புக்குக் கீழே ரப்பர் எம்பி எம்பி அடங்கியது. டப் டப்பென்று சத்தம்கூடக் கேட்டது. ஸ்டான்கோவின் கண் அங்கே போய், அங்கேயிருந்து தண்ணீருக்குப் போனது.

"ஸ்டான்கோ, அவருக்கு நெஞ்சுல என்னமோ துடிக்குது. என்னன்னு பாருங்க" என்றாள் நெவென்கா.

ஸ்டான்கோ தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "காதல் வந்தா அப்படித்தான் துடிக்கும் மேடம்" என்றான். கோய்கோ வெடித்துச் சிரித்தான். ஸ்டான்கோவும் சிரித்துக்கொண்டே கீழாற்றுப் பக்கம் நடந்து போய்விட்டான்.

கடையில் கையுறை இல்லாமல் ஒரு புண்ணைத் தொடாதவள் நெவென்கா. அவள் போய் கோய்கோவின் முன்னால் நின்று, அந்த ரப்பருக்குள் முழங்கை வரை கையை விட்டாள். உள்ளே சூடாக, பிசுபிசுப்பாக இருந்தது. நனைந்த உள்சட்டை, வயிற்று முடி, அதற்கு நடுவே மீன்.

"ஏய், ஏய், ஊரு பார்க்குது!" என்றான் கோய்கோ. அவனுக்கு இன்னும் வேடிக்கைதான்.

வெளியே எடுத்தபோது அதன் மேல் கம்பளி நூலும் முடியும் ஒட்டியிருந்தன. வழவழப்பு போய்விட்டிருந்தது. தண்ணீரில் முழங்காலிட்டு, நீரோட்டத்துக்கு எதிராக அதன் தலையைப் பிடித்துக்கொண்டாள். செவுள் இரண்டு தடவை திறந்தது. அப்புறம் திறக்கவில்லை. கையை எடுத்ததும் வெள்ளை வயிறு மேலே வந்தது.

"செத்துடுச்சுல்ல? இப்ப என்ன பண்ணப் போற? கொண்டா இப்படி."

அவள் கொடுக்கவில்லை. புரெக் சுற்றி வந்த காகிதத்தில் மீனைச் சுற்றிக்கொண்டு, மேடேறி, நேரே ரிஸ்டோவின் சாப்பாட்டுக் கடைக்கு நடந்தாள். ஞாயிறு மதியம் சங்கத்து ஆட்கள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள். ரிஸ்டோதான் சங்கத் தலைவன். நீள மேசையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். குறுக்கு வழியில் வந்து சேர்ந்திருந்த ஸ்டான்கோ ஓரத்தில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தான்.

அவள் காகிதத்தை மேசையில் விரித்தாள்.

"இது உங்க செயலாளரோட கால்சட்டைக்குள்ள இருந்துச்சு. உயிரோட."

எல்லாரும் மீனை எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒருத்தன் கேட்டான்: "எந்தப் பக்கத்துல மேடம்? முன்னாலயா, பின்னாலயா?"

மேசையே குலுங்கியது. ரிஸ்டோ கண்ணைத் துடைத்துக்கொண்டு மீனை வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். "நல்ல மீனு. கோய்கோவுக்கு எப்பவும் கை ராசி."

"பிடிச்சது நான்" என்றாள் நெவென்கா.

"அட, அப்படியா! வாழ்த்துகள்! முதல் மீனா? பொம்பளைங்களுக்கு முதல் மீன்னா மனசு இளகத்தான் செய்யும், போகப்போகச் சரியாயிடும். உட்காருங்க, உட்காருங்க. டேய், இதைச் சமையல்கட்டுக்குக் கொண்டு போ, மாவு தடவிப் பொரிச்சுடச் சொல்லு."

"ஸ்டான்கோ, நீங்க பார்த்தீங்கல்ல?"

ஸ்டான்கோ தலையைத் தூக்கவில்லை. "நான் சூப்புக் குடிச்சிட்டிருக்கேன் மேடம்" என்றான்.

அவள் கடைச் சுவரைப் பார்த்தாள். வருஷவாரியாகப் படங்கள் மாட்டியிருந்தன. ஒவ்வொருவன் கையிலும் மீன், ஒவ்வொருவன் வாயிலும் அதே சிரிப்பு. கோயில் மாதிரி என்றானே. சமையல்கட்டிலிருந்து எண்ணெய் காயும் வாடை வந்தது. வெளியே வந்து சுவரோரம் கொஞ்ச நேரம் குனிந்து நின்றாள். ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் தேவலை.

வீட்டில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். மீன் வாடை போய்விட்டது. கோய்கோவின் வாடை செவ்வாய்க்கிழமை வரை இருப்பது போலவே இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவனே வந்தான். தேய்த்த சட்டை. ரத்த அழுத்த மாத்திரை வேண்டும் என்றான். அவள் எடுத்துக் கொடுத்தாள்.

"உனக்கும் ஒரு துண்டு வச்சிருந்தோம். நீதான் ஓடிட்ட. இன்னும் கோவமா?"

"கோவம் இல்ல. குமட்டுது."

"அதுக்கும் உன்கிட்ட மாத்திரை இருக்குமே!" என்று பின்னால் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தான்.

"இருக்கு. அதை நான் போட்டுக்கறேன். நீங்க இனிமே பக்கத்து ஊர்க் கடையில வாங்கிக்குங்க. அடுத்தவங்க வாங்க."

அவன் சிரிப்பு சட்டென்று போகவில்லை; கொஞ்ச நேரம் முகத்திலேயே தங்கி, அப்புறம்தான் போனது. பிலியானா அன்று முழுக்கப் பெட்டிகளை டமால் டமாலென்று அடுக்கினாள். "ஒரு மீனுக்காகவா? ஒரே ஒரு மீனுக்காகவா நல்ல மனுஷனை வேண்டாம்னு சொல்வாங்க?" என்றாள் மாலையில்.

"மீனுக்காக இல்லடி" என்றாள் நெவென்கா. ஆனால் எதற்காக என்று பிலியானாவிடம் சொல்லிப் புரிய வைக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மாவட்டத் தலைநகரில் மீன்துறை அலுவலகத்துக்குப் போன் போட்டும் பார்த்தாள். அதிகாரி ஒருவர் வந்தார், ரிஸ்டோவின் கடையில் சாப்பிட்டார், போய்விட்டார்.

ஜூன் மாதம் அவள் நகரத்துக்குப் போய்ச் சொந்தமாக ஒரு கழி வாங்கி வந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் வேறு ஒரு ஆறு உண்டு. அங்கே அவளை யாருக்கும் தெரியாது. ஞாயிறு முதல் பஸ்ஸில் ஏறியபோது ஓட்டுநர் அவள் பையைப் பார்த்தார்.

"மீனுக்கா மேடம்? திரும்பி வரும்போது எனக்கும் ஒண்ணு கொண்டு வாங்க."

"கொண்டு வர மாட்டேன்" என்றாள் நெவென்கா.

கொஞ்சம் முகத்தில் அடித்த மாதிரிதான் சொன்னாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவள் பின்னால் போய், பக்கத்தில் யாரும் இல்லாத ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.