அப்பா மார்க்

எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது. அண்ணன் லாரி கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறான். எதைப் பார்த்தாலும் முதல் பாதி இழுவை என்பான். தங்கை கணக்கு டீச்சர். படத்தில் ஓர் ஓட்டையாவது கண்டுபிடிக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. "மழையில தொப்பலா நனைஞ்சவ, கதவைத் திறந்து உள்ள வந்ததும் தலை எப்படிக் காஞ்சுது?" என்பாள். நான் கண்ணாடிக் கடையில் ஃபிரேமுக்கு லென்ஸ் வெட்டுகிறவள். எனக்கு வாய் நீளம். நல்ல படத்தையும் நாலு வரியில் கிழித்துத் தொங்கவிடுவேன். இதற்கென்றே போனில் ஒரு குழு வைத்திருந்தோம். அண்ணியும் அதில் உண்டு.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் வலது கையும் போன பிறகு, அந்தக் குழுவுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. நாங்கள் மூவரும் தனித்தனி வீட்டில் இருந்ததால், பகலில் ஒரு நர்ஸம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்வார். மூன்று மணிக்கு அவர் கிளம்பிவிடுவார். அதிலிருந்து இரவுச் சாப்பாடு கொடுத்துப் படுக்கவைக்கும் வரை எங்கள் மூவரில் ஒருவர் முறை. இரவுத் துணைக்கு ஓர் ஆள் வந்து படுத்துக்கொள்வார். முறைக்கு வருகிறவர் அப்பாவோடு உட்கார்ந்து ஒரு படம் பார்க்க வேண்டும். படம் முடிந்ததும் அப்பா இடது கை விரல்களைக் காட்டி மார்க் போடுவார். அதைக் குழுவில் எழுத வேண்டும். என் யோசனைதான் அது. அன்றைக்கு முறைக்காரர் வந்தாரா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும் என்பதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. மற்ற இருவருக்கும் அது புரிந்துதான் இருந்தது.

இதற்கு முன்னால் ஒரு நாள், முதியோர் இல்லம் என்ற பேச்சை அண்ணன் எடுத்திருந்தான். அவன் பேசி முடிப்பதற்குள் அப்பா கட்டில் கம்பியை இடது கையால் பற்றிக்கொண்டார். சாப்பாடு வந்தபோதும் விடவில்லை. நான்தான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, "உங்களுக்கு நினைவு இருக்கிறவரைக்கும் இந்த வீடுதான்ப்பா. யாரும் உங்களை அசைக்க மாட்டாங்க" என்றேன். அண்ணனும் தங்கையும் சரி என்று தலையாட்டினார்கள். அதற்குப் பிறகுதான் அப்பா வாயைத் திறந்து ஒரு கவளம் வாங்கிக்கொண்டார்.

முதல் மூன்று மாதம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அப்பா பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். மார்க் விஷயத்திலும் கறார் பேர்வழி. அண்ணன் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய போலீஸ் படத்துக்கு ஒற்றை விரலைக் காட்டினார். அதையும் முழுதாகக் காட்டவில்லை, பாதி மடக்கிக் காட்டினார். "அப்பா மார்க் அரை. எனக்கு அவமானம்" என்று அண்ணன் எழுதினான். அன்றைக்கு நான் கடையில் உட்கார்ந்தபடி சிரித்ததில் ஒரு லென்ஸ் விளிம்பு உடைந்தது.

பிறகு கடையில் என்னோடு லென்ஸ் வெட்டிய இன்னொருவர் வேலையை விட்டுப் போனார். மூன்று மணிக்குக் கிளம்ப முடியவில்லை. ஒரு நாள்தானே என்று நினைத்தேன். மெஷினுக்குப் பின்னால் போனைச் சாய்த்துவைத்து, ஒரு காதில் மட்டும் இயர்போனைச் செருகிக்கொண்டு ஒரு நாய் படத்தைப் பார்த்தேன். ஆறரைக்கு அப்பா வீட்டுக்குப் போனபோது அறையில் விளக்கு எரியவில்லை. நர்ஸம்மா உட்காரவைத்த நாற்காலியிலேயே அப்பா உட்கார்ந்திருந்தார். எதிரே டிவி அணைந்து கிடந்தது. விளக்கைப் போட்டதும் என்னைப் பார்த்துச் சிரித்தார். கோபித்திருந்தால்கூட எனக்கு உறைத்திருக்கும். அவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, சமையலறையில் நின்றுகொண்டு எழுதினேன்: "நாய்க்கு நடிப்பு வருது, ஹீரோவுக்கு வரலை. கடைசியில நாய் பிழைச்சதும் அப்பா கண்ணு கலங்கிட்டார். அப்பா மார்க் மூணு."

முதல் தடவை எழுதியபோது வெட்கமாக இருந்தது. நாலாவது தடவை படத்தைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை.

இதற்கிடையில் அண்ணன் ஒரு கப்பல் படத்தைப் பற்றி எழுதினான்: "முதல் பாதி இழுவை, இரண்டாவது பாதி பட்டாசு. அப்பா மார்க் ஏழு." நான் அந்த ஏழு என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் இருப்பது ஒரு கை. அதில் ஐந்து விரல். ஏழு எங்கிருந்து வந்தது? வகுப்பில் தசமக் கணக்கில் ஒரு புள்ளி தவறினாலும் பிடித்துவிடுகிற தங்கை இதைக் கவனிக்காமலா இருந்திருப்பாள்? அவள் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். அப்போது அவள் குட்டும் எனக்குத் தெரிந்துபோயிற்று. நானும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அவர்கள் என்னைத் திருப்பிக் கேட்பார்கள்.

எங்களில் பொய் சொல்லாதவள் அண்ணி ஒருத்திதான். வினையும் அவளால்தான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அப்பா வீட்டில் கூடியிருந்தபோது, அவருக்குப் பிடித்த படமாயிற்றே என்று அந்தக் கப்பல் படத்தைப் போட்டாள். அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கப்பலில் தண்ணீர் புகுந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

"என்ன மாமா, புதுசா பாக்கிற மாதிரி பதறுறீங்க? இதை இவரோட உட்கார்ந்து பாத்தீங்களே?"

அப்பா இல்லை என்று தலையசைத்தார்.

அண்ணி டிவியை நிறுத்திவிட்டு போனை எடுத்தாள். குழுவிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டாள். சிலதுக்கு ஆமாம் என்றார். பலதுக்கு இல்லை என்றார். பழைய படங்கள் எல்லாம் நினைவிருந்தன, கடைசி இரண்டு மாதத்துப் படங்கள்தான் இல்லை. அண்ணி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "புதுசு எல்லாம் மறந்துட்டு வருது. எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. உடனே டாக்டர்கிட்ட காட்டணும்" என்றாள். அண்ணன் ரிமோட்டின் பின்மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். தங்கை பாத்திரம் கழுவப் போய்விட்டாள். "ஆமா, காட்டிடலாம்" என்று சொன்னது நான்.

டாக்டர் அறையில் அப்பாவின் சக்கர நாற்காலியைச் சுற்றி நாங்கள் நால்வரும் நின்றோம். பேசவும் எழுதவும் முடியாதவருக்கு வழக்கமான பரிசோதனைகள் பாதிதான் செய்ய முடிந்தது. "வீட்ல சமீபத்துல நடந்தது ஏதாவது சொல்லுங்க. கேட்டுப் பாக்கலாம்" என்றார் டாக்டர். அண்ணி போனை நீட்டினாள். தேதி இருந்தது, படம் இருந்தது, மார்க் இருந்தது. "ரொம்ப நல்லாப் பதிஞ்சு வச்சிருக்கீங்க. இவ்வளவு அக்கறையா யாரும் செய்யிறதில்லை" என்றார் டாக்டர்.

கப்பல் படத்தைக் கேட்டார். அப்பா இல்லை என்றார். தங்கை எழுதியிருந்த வக்கீல் படத்தைக் கேட்டார். இல்லை. டாக்டர் குறித்துக்கொண்டார். இல்லை இல்லை என்று ஒவ்வொரு தடவையும் அப்பா உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அறையில் உண்மை சொன்னவர் அவர் ஒருவர்தான்.

"சின்னப் பொண்ணா, பெரிய பொண்ணா... இவங்க உங்களோட உட்கார்ந்து ஒரு நாய் படம் பாத்தாங்களாமே? ஞாபகம் இருக்கா?" என்று டாக்டர் என்னைக் காட்டிக் கேட்டார்.

அப்பா உடனே தலையசைக்கவில்லை. முதலில் அண்ணனைப் பார்த்தார், பிறகு தங்கையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அதில் அவர் என்ன படித்தாரோ, ஆமாம் என்று தலையாட்டினார்.

என்னைக் காப்பாற்றுகிறார். பிள்ளைகள் மூன்றும் பொய்யர்கள் என்று ஒரு வெளி ஆள் முன்னால் ஆகிவிடக் கூடாது, ஒருத்தியாவது தப்பட்டும் என்று பொய் சொல்கிறார்.

டாக்டர் போனைப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார். "கடைசியில அந்த நாய் செத்துப்போயிடுச்சு, இல்லையா?"

அப்பா ஒரு கணம் யோசித்தார். பிறகு வருத்தத்தோடு ஆமாம் என்றார்.

டாக்டர் பேனாவை மூடினார். "மறந்துபோறது முதல் கட்டம். நடக்காததை நடந்ததா நம்புறது அதுக்கு அடுத்த கட்டம். இவருக்கு அது வந்திருச்சு. இனி வீட்ல தனியா ஒரு மணி நேரம்கூட விடக் கூடாது. நினைவு குறைஞ்சவங்களைப் பாத்துக்கிற இல்லம் ஒண்ணு இருக்கு. நான் எழுதித் தரேன்."

அப்பா நாற்காலியின் கைப்பிடியைப் பற்றினார்.

நாய் பிழைத்துக்கொண்டது, அப்பா அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை, நான் கடையில் இருந்தேன். இவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லியிருந்தால் கப்பலும் வக்கீலும் தானாக வெளியே வந்திருக்கும். அண்ணி முகத்தில் நான் முழிக்க முடியாமல் போயிருக்கும், அவ்வளவுதான். அண்ணன் இருமினான். தங்கை என் முழங்கையைத் தொட்டாள். சொல் என்கிறாளா, சொல்லாதே என்கிறாளா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் அவள் பக்கம் திரும்பவும் இல்லை.

"யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?" என்றார் டாக்டர்.

நான் வாயைத் திறந்தேன். நாலு வரியில் எதையும் கிழிக்கிற வாய்.

"அங்க டிவி இருக்கும்ல டாக்டர்?"

"பெரிய டிவி இருக்கும்மா. சாயங்காலம் தினமும் படம் போடுவாங்க. பக்கத்துல ஒருத்தர் முடியிறவரைக்கும் கூடவே உட்கார்ந்திருப்பாங்க."

அவர் அதை என்னிடம்தான் சொன்னார். அப்பாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்பா கைப்பிடியை விட்டுவிட்டு, டாக்டரைப் பார்த்துச் சரி என்று தலையாட்டினார்.