கப்பல்காரர் நாற்காலியில் இருந்தவர்

பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் அவளுக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்வது அவள் வேலை. அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்வாள். மாணவர் விடுதி, ஓட்டப்பந்தயம், பட்டமளிப்பு என்று எந்தப் படத்திலும் யார் சட்டையில் பித்தான் இல்லை என்பதுவரை சொல்லிவிடுவாள். ஊரார் முகத்தையெல்லாம் பார்த்தவளிடம் சொந்த அப்பாவின் படம் ஒன்றுகூட இல்லை. அவர் இதே பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் பைண்டிங் செய்தவர். அவளுக்கு எட்டு வயதாகும்போது இறந்துபோனார். அந்த முகம் வருடத்துக்கு வருடம் மங்கிக்கொண்டே வந்தது. அதை நினைத்தால் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வரும்.

அந்த நூலகத்தைக் கட்டிக்கொடுத்த கப்பல்காரர் குடும்பம், கண்காட்சிக்கென்று முந்நூறு படங்களைக் கொடுத்திருந்தது. அதில் பிரதானம் நூலகத் திறப்பு விழாப் படம்: பேராசிரியர்கள் புடைசூழ, நடு நாற்காலியில் கப்பல்காரர். ஊரில் அந்தப் படத்தைப் பார்க்காத ஆளே கிடையாது.

அதைத் திரையில் பெரிதாக்கினாள். கழுத்தருகே, கத்தரித்து ஒட்டிய மெல்லிய கோடு. தலை கப்பல்காரருடையது, உடம்பு வேறு யாருடையதோ. வராதவர் தலையை ஒட்டுவது அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்களுக்குக் கைவந்த கலை என்பதால் அவள் அசரவில்லை. முழங்கால்மேல் இருந்த கையைப் பார்த்தபோதுதான் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கட்டைவிரல் நகம் நடுவில் பிளந்திருந்தது. காகிதம் வெட்டும் கத்தி பட்டுப் பிளந்த அந்த நகத்தைத் தடவிக்கொண்டேதான் சின்ன வயதில் அவள் தூங்குவாள்.

ஒட்டுவதற்கு முன் எடுத்த கண்ணாடி நெகட்டிவில் அப்பாவின் முகம் இருக்கும். அது கப்பல்காரர் வீட்டில்தான் இருக்க முடியும். கேட்கப்போய், குடும்ப கௌரவம் என்று கோபித்துக்கொண்டு முந்நூறு படத்தையும் அவர்கள் திரும்ப வாங்கிப்போனால் அவள் வேலைக்கே உலை. கேட்காவிட்டாலோ, அப்பா காலத்துக்கும் அந்தத் தலைக்குக் கீழேயே உட்கார்ந்திருப்பார்.

மறுநாள் கப்பல்காரரின் பேரன் வந்தார். கேட்டே விட்டாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இதுல தலை மட்டும்தான் உங்க தாத்தா. உடம்பு எங்கப்பா. ஒட்டுறதுக்கு முன்னாடி எடுத்த கண்ணாடி நெகட்டிவ் உங்க வீட்ல இருக்குமா?"

அவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா! அன்னைக்குத் தாத்தாவுக்குப் பல்வலி. கன்னம் பந்து மாதிரி வீங்கி, போர்வையை இழுத்துப் போர்த்திட்டுப் படுத்துட்டாராம். அவர் கோட்டு யாருக்குச் சேருதுன்னு பார்த்து ஒருத்தரை உட்கார வெச்சாங்க. வெளியில மூச்சு விடக் கூடாதுன்னு உத்தரவு வேற! கண்ணாடி நெகட்டிவ்தானே? பரண்ல இருக்கு, நாளைக்கே கொண்டு வரேன்."

சொன்னபடியே கொண்டுவந்தார். கண்ணாடியில் முகமெல்லாம் கறுப்பு, முடியெல்லாம் வெள்ளை, ஒன்றும் புரியவில்லை. ஸ்கேன் செய்து, நிறத்தைத் திருப்பிப் போட்டாள். பேராசிரியர்கள் அத்தனை பேரும் பரீட்சையில் கோட்டை விட்டவர்கள் போல விறைத்துக்கொண்டிருக்க, நடுவில் அப்பா. பார்த்த நொடியே தெரிந்துவிட்டது. சந்தோஷம் தாங்காமல் வீட்டுக்குப் போன் செய்தாள்.

"அம்மா, அப்பா படம் கிடைச்சிருச்சு! கப்பல்காரர் நாற்காலியில, அவர் கோட்டைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்."

"அவராவது, கோட்டாவது! வேற யாராவதா இருக்கும். நல்லாப் பாரு. உம்முன்னு இருக்காரா?"

"இல்லம்மா. வாயெல்லாம் பல்லு."



"அப்போ அவரேதான்," என்றாள் அம்மா.