ஓட்டில்லாதவள் கேட்ட கேள்வி

எனக்கு ஓட்டு கிடையாது. ஆனால் ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் போன் போட்டு, "உங்கள் ஓட்டு யாருக்கு?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. கல்யாணமாகி இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. என் குடியுரிமை மனு ஏதோ ஒரு மேஜையில் சுகமாகத் தூங்குகிறது. என்னைப் போல வந்தவர்களைத் திருப்பி அனுப்பச் சட்டம் கொண்டுவருவோம் என்கிறது புதிய கட்சி ஒன்று. கருத்துக்கணிப்பில் அதுதான் முன்னால் நிற்கிறது. அதற்கு நேராக தினமும் டிக் அடிப்பவள் நான். சிரிக்காமல் என்ன செய்வது?

எங்கள் அறையில் இருபது பேர், இருபது ஹெட்போன். நம்பரைக் கம்ப்யூட்டரே போட்டுக் கொடுக்கும். கேள்வியை உள்ளது உள்ளபடி படிக்க வேண்டும், ஒரு சொல் கூட்டக் கூடாது. தெரிந்தவர் எடுத்தால் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட வேண்டும். பாதிப் பேர், "எவன் வந்தா எனக்கென்ன?" என்று அவர்களே வைத்துவிடுவார்கள். ஒரு அம்மா, அன்றைக்குத் துணி துவைக்கிற நாள், ஓட்டுப் போட நேரமில்லை என்றார்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, "ஹலோ!" என்று ஒரு கர்ஜனை. என் மாமனார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். கடைசி சீட்டுக்குக் கேட்க வேண்டும் என்பதுபோலத்தான் போனிலும் பேசுவார். என்னுடைய பவ்யமான வேலைக் குரலை வீட்டில் யாரும் கேட்டதில்லை, அவருக்கும் அடையாளம் தெரியவில்லை. விதிப்படி போனை வைத்துவிட்டிருக்க வேண்டும். வைக்க மனம் வரவில்லை. நாற்பது வருடமாகத் தொழிலாளர் கட்சிக்கே ஓட்டுப் போட்டவர், என்னதான் சொல்கிறார் பார்ப்போமே.

"உங்கள் ஓட்டு யாருக்கு?"

"புதுக் கட்சிக்குத்தான்."

காரணம் கேட்டேன்.

"ஏம்மா, நாற்பது வருஷம் கொடி பிடிச்சேன். டிப்போவை மூடினப்ப ஒருத்தன் எட்டிப் பார்க்கல. இந்தப் புதுக் கட்சித் தலைவன் ஒருத்தன்தான் மேஜையைத் தட்டிப் பேசுறான். நம்ம பேச்சை எவன் கேட்டான்? நீதான் முதல்முதலா கேக்குற, நல்லா இரு."

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு எரிச்சல். பதினான்காம் கேள்வியைப் படித்தேன்.

"திருமணத்தின் மூலம் இங்கே குடியேறியவர்களைத் திருப்பி அனுப்பும் சட்டத்தை ஆதரிக்கிறீர்களா?"

"முழுசா ஆதரிக்கிறேன். எழுதிக்க."

டிக் அடித்தேன். பிறகு தாளில் இல்லாததைக் கேட்டேன்.

"அப்படி வந்தவங்க உங்க வீட்டுல யாராவது இருக்காங்களா சார்?"

"எங்க வீட்டுலயா? சே, சே. மருமக மட்டும் வெளியேர்ந்து வந்தவ. ஆனா அவ எங்க வீட்டுப் பொண்ணும்மா, அவளை எதுக்கு இதுல சேக்குற? டீதான் கொஞ்சம் தண்ணியா போடுவா, மத்தபடி தங்கம்."

கோபமும் பாசமும் ஒன்றாக வந்தன. வேலைக் குரல் என்னை விட்டு ஓடிவிட்டது.

"மாமா, நான்தான்."

எதிர்முனையில் டிவி சத்தம் நின்றது. இங்கே மேற்பார்வையாளர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"நீயா? காலையிலயே சொல்லிட்டுப் போகக் கூடாதா?"

"எனக்கே தெரியாது மாமா. கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்த நம்பர்."

"சரி. அவன் உன்னைச் சொல்லலியே?"

"பேரைச் சொல்லி யாரு சொல்வாங்க? குடியுரிமை மனு முடிவாகாம நிக்குறவங்கதான் முதல்ல போகணுமாம். எனக்கு மனு நிக்குது."

நான் கேட்டு முதல்முறையாக, மாமனார் மெதுவாகப் பேசினார்.

"அந்தப் பதிலை அழிச்சிடு."

"அழிக்க முடியாது, அனுப்பியாச்சு. இது வெறும் கணிப்புதான் மாமா. ஞாயித்துக்கிழமை போடுறதுதான் ஓட்டு."

"அன்னிக்கு நீயும் என்கூட வா."

"என்னை உள்ள விட மாட்டாங்க."

"வாசல்ல நில்லும்மா. உள்ள போனா எனக்கு டிப்போ மட்டும்தான் ஞாபகம் வரும். கதவைத் தாண்டுற வரைக்கும் என் கண்ணுல படுற மாதிரி நில்லு."