அட்டை வைக்காத முகம்

நான் கறுப்பு. என் அம்மாவும் பெரியம்மாவும் மாநிறம், புதுநிறம் என்று சொல்லித் திரிந்ததெல்லாம் சும்மா. கறுப்புதான், நல்ல கறுப்பு. அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் இருந்தது. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்றும் சொல்வார்கள். அது உண்மை.

என் வீட்டுக்காரர் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்குக் கலரில் எத்தனை ஆல்பம் போட்டாலும், கூடத்துச் சுவரில் மாட்டுவது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம்தான். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பெண் நாற்காலி முதுகில் கை வைத்து நிற்பாள். எங்களையும் அப்படித்தான் எடுத்தார்கள். பிரிண்ட் வருவதற்குள் அந்தச் சுவரில் எங்களுக்கு ஆணி அடித்தாகிவிட்டது.

ஆணியைப் பார்க்கப் போனவள் பக்கத்துப் படத்தைப் பார்த்துவிட்டேன். மாமனார், மாமியார் கல்யாணப் படம். என் அத்தைக்கும் எனக்கும் ஒரே நிறம். சுவரில் மட்டும் அவர் முகம் வெள்ளை வெளேரென்று இருந்தது. நாற்காலி மேலிருந்த கையோ கறுப்பு.

"இதென்ன அத்தை, மூஞ்சிக்கு மட்டும் சுண்ணாம்பு அடிச்சிருக்காங்க?"

"வாயாடி! நம்ம வீட்டு மருமக எல்லாரும் சுவத்துல பளிச்சுன்னுதான் இருப்பாங்க. உனக்கும் சேத்து ஸ்டூடியோத் தம்பிகிட்ட சொல்லியாச்சு."

எனக்கு வந்ததே கோபம்! அன்றைக்கே வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன்.

ஸ்டூடியோக்காரர் ஒளிக்கவே இல்லை. கம்பி நுனியில் ஒட்டியிருந்த ஒரு சின்ன முட்டை வடிவ அட்டையைப் பெருமையாக எடுத்துக் காட்டினார்.

"பிரிண்ட் போடுறப்ப இதை வெளிச்சத்துக்குக் குறுக்க ஆட்டணும்மா. எங்க வெளிச்சம் கம்மியா விழுதோ அங்க வெளுத்துடும். எங்கப்பா சொல்லிக் குடுத்தது. இது உங்க முகத்தளவுக்கு வெட்டினது."

"கைக்கு ஏன் வைக்கல?"

"கையை யாரும்மா பாக்கப் போறாங்க?"

"நான் பாத்தேனே!"

அட்டையைப் பிடுங்கி ரெண்டாகக் கிழித்தேன். அவர் அய்யய்யோ என்றார். என் வீட்டுக்காரர், "அம்மா வருத்தப்படுவாங்க..." என்று இழுத்தார்.

"நீங்க எந்த மூஞ்சியக் கட்டிக்கிட்டீங்க?"

"இதோ... இதைத்தான்."

"அப்ப பேசாம நில்லுங்க."

நின்றார். பிரிண்ட் நான் சொன்னபடியே வந்தது. அதில் நான் நானாகவே இருந்தேன், கண்ணில் கொஞ்சம் கோபத்தோடு.

அத்தை அதைக் கையில் வாங்கக்கூட இல்லை. "இதை மாட்ட விடமாட்டேன். வர்றவங்க என்ன சொல்லுவாங்க?"

"கறுப்புன்னு சொல்லுவாங்க. நேர்ல பாத்தாலும் அதைத்தானே சொல்லப் போறாங்க? மாட்டினா இது, இல்லன்னா ஆணி காலியா இருக்கட்டும்."

காலியாகவே இருந்தது. அத்தை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் இறங்கிப் போகவில்லை. வருகிறவர்களெல்லாம் வெறும் ஆணியைப் பார்த்து, படம் எங்கே என்று கேட்டார்கள். "அத்தைய கேளுங்க" என்றேன் நான். அத்தை அடுப்படிக்குள் போய்விடுவார்.

ஒரு மத்தியானம் அத்தை தன் படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"பொறந்த வீட்டுல யாரும் என்னைப் போட்டோ எடுத்ததில்ல" என்றார், என் பக்கம் திரும்பாமலே. "இதுதான் என் மொத போட்டோ. வந்த அன்னிக்கு, 'இது யாரு?'ன்னு கேட்டேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டேன். அந்த வயசுல நான் எப்படி இருந்தேன்னு எனக்கே தெரியாதுடி."

சிரித்தவர்கள் அத்தனை பேரையும் நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

"செருப்பைப் போடுங்க அத்தை."

அந்தப் படத்தை எடுத்தது ஸ்டூடியோக்காரரின் அப்பா. எதையும் தூக்கிப் போடாத மனுஷர். தகரப் பெட்டிக்குள் அத்தையின் நெகட்டிவ் பத்திரமாக இருந்தது. இருட்டறைக்குள் மூன்று பேரும் நெருக்கியடித்து நின்றோம். வெளிச்சம் விழுந்ததும் ஸ்டூடியோக்காரரின் கை பழக்கத்தில் அட்டையைத் தேடியது. அத்தை பட்டென்று அந்தக் கையில் ஓர் அடி வைத்தார்.

"கையை எடுடா!"

ஸ்டூடியோக்காரர் தாளை மருந்துத் தட்டில் போட்டார். முதலில் கூந்தல் வந்தது. அப்புறம் கையும் முகமும் சேர்ந்தே வந்தன, ஒரே கறுப்பாக. நிமிர்ந்த கழுத்து, யாருக்கும் பயப்படாத கண்.

அத்தை குனிந்து பார்த்தார். தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இன்னும் கிட்டே குனிந்தார்.

"திமிரைப் பாரேன் இவளுக்கு" என்றார் கடைசியில். அவர் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் பழைய படத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டினோம். காலி ஆணியில் எங்கள் படம். மாமனாரின் தம்பி மனைவி, என் சின்ன மாமியார் வந்தார். வாசற்படி தாண்டியதும் சுவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"யாருக்கா இது?"

"நான்தான்டி" என்றார் அத்தை. "இப்பத்தான் வந்தேன்."