நஞ்சுக்கொடி கேட்டுப் போனவர்

பிரசவ வார்டில் நஞ்சுக்கொடி கேட்டு அலைவதுதான் வஹிதாவின் வேலை. மண்ணில் புதைக்கிற அந்தச் சதையிலிருந்து மெல்லிய சவ்வை உரித்து, ஸ்டெம் செல் சேர்த்து, மாரடைப்பில் செத்துப்போன இதயத் தசைமேல் ஒட்டுப் போட்டுப் பார்க்கிற ஆராய்ச்சி. கேட்டால் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சிலர் திட்டவும் செய்வார்கள். அதையெல்லாம் தாங்கிவிடலாம். வீட்டுக்கு வந்ததும் கணவர் உசேன் கேட்கிற கேள்வியைத்தான் தாங்க முடியவில்லை.

"இன்னிக்காவது கெடச்சுதா?"

காரிமங்கலம் சந்தையில் ஆட்டு வியாபாரம் செய்தவர். போன வருஷம் மாரடைப்பு வந்ததிலிருந்து நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. இதயத்தைச் சரிபண்ணுகிற வைத்தியம் என்று இவள் ஒருநாள் சொல்லப்போக, தனக்குத்தான் என்று பிடித்துக்கொண்டார். இல்லை என்று சொல்லிவிட தினமும் நினைப்பாள். களைப்பில் நாளைக்கு என்று விட்டுவிடுவாள்.

காரிமங்கலத்துச் சோபனா மறுத்துவிட்டதை வீட்டில் புலம்பியது பெரிய தப்பாகிப் போனது. சிசேரியனுக்கு வந்து படுத்திருந்த சோபனா இன்று அவளாகவே கூப்பிட்டாள்.

"அக்கா, நஞ்சுக்கொடிய எடுத்துக்கங்க. நேத்து உங்க வூட்டுக்காரரு எங்க வூட்டுக்கே வந்துட்டாருங்களாம். மூச்சு வாங்க வாங்க, எங்க அத்தை கால்ல வுழாத கொறையா கேட்டிருக்காரு. அவரு உசுருக்குன்னா குடுக்கலாம்னு அத்தை சொல்லிட்டாங்க."

வஹிதா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பொய்யை நம்பிக் கொடுப்பதை எப்படி வாங்குவது?

"அவருக்கில்ல கண்ணு. இன்னும் ஆட்டுக்குத்தான் வெச்சுப் பாக்கறாங்க. மனுசனுக்கு வர எத்தன வருசமோ."

சோபனா தலையைக் குனிந்துகொண்டாள். "ஆட்டுக்குன்னா அத்தை பொதைக்கத்தான் சொல்லுவாங்கக்கா."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது உசேன் வாசலிலேயே நின்றிருந்தார். "குடுத்தாங்களா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"ஆட்டுக்கு நெஞ்சு செரியாச்சா?"

"தசை நல்லாச் சேந்திருக்குதாங்க."

"அப்ப ஆடு நல்லாருக்குது."

இன்னொரு பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. "இல்லீங்க. அறுத்துத்தான் உள்ள பாத்தாங்க."

உசேன் அவளையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மாரடைப்பு வந்ததிலிருந்து அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"ஆட்டுக்கு எங்க போனாலும் கத்திதான்டி!"

சிரிப்பு இருமலாகி மூச்சை அடைத்தது. வஹிதா ஓடிப்போய் நெஞ்சை நீவிவிட்டாள். கைக்கடியில் அது தாறுமாறாகத் துடித்தது.

"சிரிக்காதீங்க" என்று அழுதாள்.